மெரினாவில் பாய்மரப் படகு: இழுத்துக் கட்டினால் போதுமா?

கேள்வி. ஏப்ரல் 6, காலை

லங்காவியில் முப்பது அடிப் பாய்மரப் படகு ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறேன். எடை நாலு டன் வரும். எனக்கு வேலை கிள்ளானில், மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்தால் பெரிது. இப்போது மெரினாவில் (படகுகளைக் கட்டி வைக்கும் துறை) முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நாலு கயிறு கட்டியிருக்கிறது. விற்றவர் சொன்னது: "அசைய விடாமல் இழுத்துக் கட்டு. அசையாத படகு அடிபடாது." எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. நாலு கயிறு போதுமா? எந்தக் கயிறு, எவ்வளவு தடிமன்? அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஏப்ரல் 6, மதியம்

தம்பி, விற்றவர் சொன்னதை மட்டும் கேட்க வேண்டாம். அசையாத படகு என்று ஒன்று தண்ணீரில் கிடையாது. நாலு டன் எடையை அலை தூக்கும்போது அது போயே தீரும். எவ்வளவு தூரம் போகலாம், எவ்வளவு மெதுவாக நிற்கலாம் என்பதைத்தான் கயிற்றால் நாம் முடிவு செய்கிறோம். இழுத்துக் கட்டினால் நிற்பதற்கு இடமே இல்லை. அப்போது ஒவ்வொரு அலையும் க்ளீட்டை (கயிறு கட்டும் இரு கொம்புள்ள பிடி) பிடுங்கப் பார்க்கும்.

நாலு கயிறு போதாது. ஸ்பிரிங் கயிறு (படகு முன்னும் பின்னும் ஓடாமல் பிடிப்பது) இரண்டு வேண்டும். எழுத நிறைய இருக்கிறது, இரவில் வருகிறேன்.

ஏப்ரல் 6, இரவு

சரி, கணக்கிலிருந்தே தொடங்குவோம். எனக்கே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் கயிறு பற்றிய பயம் இடம் மாறியது.

முதலில் காற்று. முப்பது அடிப் படகின் பக்கவாட்டில் உடல், கேபின், பாய்மரம், சுருட்டி வைத்த பாய் எல்லாம் சேர்த்துக் காற்று படும் பரப்பு பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அதன் மேல் ஏறக்குறைய 90 கிலோ விசையோடு அழுத்தும். காற்று 80 ஆனால் விசை இரட்டிக்காது, நான்கு மடங்காகும். அதாவது 360 கிலோ பக்கம். பெரிய எண்தான். ஆனால் 12 மில்லிமீட்டர் மூன்று புரி நைலான் கயிறு புதிதாக இருக்கும்போது அறுவதற்கு மூன்று டன்னை ஒட்டிய பாரம் வேண்டும். ஆக, காற்று மட்டும் நின்று நிதானமாக அழுத்தினால் ஒற்றைக் கயிறே தாங்கிவிடும்.

அப்புறம் ஏன் அறுகிறது? குலுக்கல்.

லங்காவியின் குவா ஜெட்டி பக்கம் ஃபெர்ரி போகும்போது எழும் அலையை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாலு டன் படகு விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் முன்னால் நகர்கிறது, அவ்வளவுதான். நடக்கிற வேகத்தில் பாதிகூட இல்லை. அந்தப் படகை இரண்டு சென்டிமீட்டரில் நிறுத்த வேண்டுமானால் இரண்டரை டன் விசை தேவை. அதையே இருபத்தைந்து சென்டிமீட்டரில் நிறுத்தினால் இருநூறு கிலோ போதும். அதே படகு, அதே அலை. மாறியது நிற்க விட்ட தூரம் மட்டும்தான்.

அந்த இருபத்தைந்து சென்டிமீட்டரைக் கொடுப்பது கயிற்றின் நீட்சி. ஐந்து மீட்டர் நைலான் கயிறு இருநூறு கிலோ பாரத்தில் அந்த அளவுக்கு நீளும். ஒரு மீட்டர் கயிறாக இருந்தால் ஐந்து சென்டிமீட்டர்தான் நீளும். நைலான் வேண்டும் என்பதும், நீளமான கயிறு வேண்டும் என்பதும் இதனால்தான்.

ஏப்ரல் 7, காலை

நேற்றைய கணக்கைப் பார்த்து ஒரு பொறியாளர் நண்பர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். நான் சொன்ன விசை சராசரி. கயிறு சுழியத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவதால் கடைசியில் வரும் உச்ச விசை அதைப்போல இரு மடங்கு என்கிறார். சரிதான். அப்படியானால் நீளக் கயிற்றில் நானூறு கிலோ, குட்டைக் கயிற்றில் ஐந்து டன். ஐந்து டன் வரும் முன்பே ஏதோ ஒன்று போய்விடும். கயிறு போகும், அல்லது கயிறு நிற்கும், க்ளீட் பிடுங்கிக்கொண்டு வரும். க்ளீட் வந்தால் டெக்கில் (படகின் மேல்தளம்) ஓட்டையும் சேர்ந்து வரும்.

நண்பர் சொன்னதால் என் வாதம் இன்னும் பலமாகிறது. நன்றி.

ஏப்ரல் 7, மாலை

இனி ஸ்பிரிங் கயிறு. உங்கள் படகு முன்பக்கம் நடைபாதையைப் பார்த்து நிற்கிறது, இடப்பக்கம் ஃபிங்கர் (நடைபாதையிலிருந்து கிளையாக நீளும் அந்த ஒடுக்கமான மிதவை) என்று வைத்துக்கொள்கிறேன்.

முன்கயிறு முன்பக்க க்ளீட்டிலிருந்து நடைபாதைக்குப் போகும். பின்கயிறு பின்பக்க க்ளீட்டிலிருந்து ஃபிங்கரின் வெளிமுனைக்கு. இந்த இரண்டும் படகு பக்கவாட்டில் விலகிப் போகாமல் பார்த்துக்கொள்ளும், முன்னும் பின்னும் ஓடுவதை அவ்வளவாகத் தடுக்காது.

அந்த வேலை ஸ்பிரிங்குக்கு. ஒன்று படகின் முன்பக்கத்தில் தொடங்கிப் பின்னோக்கி ஓடி ஃபிங்கரின் வெளிமுனைக்குப் போகும். படகு முன்னால் பாய்ந்து நடைபாதையில் மூக்கை இடிக்காமல் இதுதான் பிடிக்கும். இன்னொன்று பின்பக்கத்தில் தொடங்கி முன்னோக்கி ஓடி, ஃபிங்கர் நடைபாதையோடு சேரும் இடத்துக்குப் போகும். இது படகு பின்னால் வழுக்கிப் போவதைத் தடுக்கும். இரண்டும் படகின் உடலை ஒட்டியே நீளமாக ஓடுவதால் நீளமும் கிடைக்கிறது, நீட்சியும் கிடைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடந்து போகும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

நாலு கயிறுதான் கையில் இருக்கிறது என்றால் இரண்டை ஸ்பிரிங்காக வையுங்கள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நாலையும் குறுக்காகக் கட்டுவதை விட இது எவ்வளவோ மேல்.

ஏப்ரல் 7, மாலை, சிறிது நேரம் கழித்து

இருபக்கமும் ஃபிங்கர் உள்ள இடமாக இருந்தால் கதை இன்னும் சுலபம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஸ்பிரிங் இரண்டு. படகு நடுவில் எதையும் தொடாமல் தொங்கும். ஆனால் நம் பக்கத்து மெரினாக்களில் பெரும்பாலும் ஒரு இடைவெளியில் இரண்டு படகு, ஆளுக்கு ஒரு ஃபிங்கர். மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

அதனால் ஒன்று: உங்கள் பாய்மரமும் அவருடைய பாய்மரமும் நேருக்கு நேர் நிற்கிறதா என்று மேலே அண்ணாந்து பாருங்கள். கீழே இரண்டு படகுக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். இரண்டும் எதிரெதிராக உருளும்போது மேலே ஸ்பிரெடர்கள் (பாய்மரத்தின் பக்கவாட்டுக் கைகள்) முட்டிக்கொள்ளும், சிக்கிக்கொள்ளவும் செய்யும். ஒரு படகை அரை மீட்டர் முன்னே பின்னே நகர்த்தினால் தீர்ந்தது. அதை நகர்த்துவதும் ஸ்பிரிங் கயிற்றால்தான்.

ஏப்ரல் 9

கயிறு வாங்குவது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஹார்ட்வேர் கடையில் நைலான் கயிறு என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துப் போடுவது நீல நிற அல்லது மஞ்சள் நிற பாலிப்ராப்பிலீன். கடைக்காரர் ஏமாற்றவில்லை, பிளாஸ்டிக் கயிறு எல்லாமே அவருக்கு நைலான்தான். அதனால் ஒரு துண்டு வெட்டி வாங்கி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் பாலிப்ராப்பிலீன். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். பாலிப்ராப்பிலீன் நம் வெயிலில் சீக்கிரம் உளுத்துவிடும். கையால் தேய்த்தால் பொடி பொடியாகக் கையில் ஒட்டும், நார்கள் குத்தும். அந்த நிலையில் உள்ள கயிறு ஒரு புயலையும் தாங்காது.

பாலியெஸ்டர் நல்ல கயிறு, தேய்மானம் குறைவு, வெயிலையும் தாங்கும். ஆனால் நைலான் அளவுக்கு நீளாது. பாயை ஏற்றி இறக்க அதுதான் வேண்டும், படகைக் கட்ட நைலான்தான். டைனீமா என்று விலையுயர்ந்த கயிறு ஒன்று இருக்கிறதே, அதைக் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். அது இரும்புக் கம்பிக்கு நிகரான பலம், நீட்சியும் கிட்டத்தட்ட அப்படித்தான். குலுக்கல் முழுக்க க்ளீட்டுக்குப் போகும்.

தடிமன்: முப்பது அடிக்கு 12 மில்லிமீட்டர். ஒன்பது அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் என்பது பழைய வழக்கு, அதைப் போட்டால் பத்தரை மில்லிமீட்டர் சுற்றி வரும், அதற்கு மேலே எடுத்தால் இதே 12தான்.

மூன்று புரிக் கயிறு முறுக்கு உள்ளது, நன்றாக நீளும், விலையும் குறைவு, கண் (முனையில் வளையம்) வைத்து முடைவதும் எளிது. பின்னல் கயிறு கைக்கு மென்மை, சுருட்டி வைக்க அழகு. நான் மூன்று புரிக்காரன்.

முடைவது என்றதும் நினைவு வந்தது. ஒரு முனையில் கண்ணை முடைந்து வைத்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போட்டுக் கண் செய்தால் கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். ஒழுங்காக முடைந்த கண்ணில் பத்தில் ஒரு பங்குதான் போகும். தெரியாவிட்டால் படகுச் சாமான் கடைகளில் கண் முடைந்தே விற்கிறார்கள்.

ஏப்ரல் 10

தடிமன் பற்றி மறுபடி யோசித்தேன். மாதம் ஒரு தடவைதான் போய்ப் பார்ப்பவர் 14 எடுத்தால் என்ன? தேய்வதற்குக் கொஞ்சம் கூடுதல் சதை இருக்கும், அது உண்மை. ஆனால் தடித்த கயிறு அதே பாரத்தில் குறைவாகத்தான் நீளும். உங்கள் க்ளீட்டில் அடங்குமா என்பதும் சந்தேகம். முன்கயிறு ஒன்றுக்கு மட்டும் 14, மற்றவை 12. 16க்குப் போக வேண்டாம். எவ்வளவு தடிமனோ அவ்வளவு பாதுகாப்பு என்பதும் விற்றவர் சொன்ன வாதத்தின் இன்னொரு வடிவம்தான்.

ஏப்ரல் 15

இன்று விடியற்காலையில் போர்ட் டிக்சனில் ஒரு சுமத்ரா. இந்த ஆண்டின் முதல் பெரிய அடி. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா பக்கத்திலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இடிமழைக் காற்று வரிசைகளை இங்கே எல்லாரும் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள். பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ வரும், 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர் பத்து நிமிடத்தில் வெள்ளையாகிவிடும்.

மழை விட்டதும் ஃபிங்கர் ஃபிங்கராக நடந்து பார்த்தேன். பக்கத்து வரிசையில் ஒரு படகின் முன்கயிறு அறும் தறுவாயில் இருந்தது. மூன்று புரியில் இரண்டு போய்விட்டது. கயிறு இழுபட்ட இடத்தில் அறுந்ததாக நினைக்க வேண்டாம். டெக் ஓரத்தில் ஓடும் அலுமினியப் பட்டையின் விளிம்பில் அது மடங்கும் இடம் இருக்கிறதே, சரியாக அங்கே. விரலால் தொட்டால் அறுந்த நார்களின் முனை பஞ்சு போல இல்லை, உருகி இறுகி மணி மணியாக இருந்தது. அங்கிருந்து இரண்டு சாண் தள்ளிக் கயிறு புதுசு போலப் பளபளவென்று இருக்கிறது. மீதிப் புரி ஒன்றில் ஐந்து டன் படகு நின்றுகொண்டிருந்தது.

படகுக்காரர் ஊரில் இல்லை. என்னிடம் இருந்த உபரிக் கயிற்றைக் கட்டி, மெரினா ஆட்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் ஏப்ரல் 6 இரவில் குலுக்கல் என்று எழுதினேன். அதற்குச் சமமாகத் தேய்மானத்தையும் சொல்லியிருக்க வேண்டும். நைலான் நீளும் என்று புகழ்ந்தேனே, நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் அது விளிம்பின் மேல் முன்னும் பின்னும் அறுக்கிறது. நீளாத கயிறு அங்கே அவ்வளவு அறுக்காது. நைலானின் நல்ல குணமே அதன் எதிரியும். இதற்காக நைலானைக் கைவிட முடியாது, உறை போட வேண்டும்.

ஏப்ரல் 16

உறைக்கு எது நல்லது என்றால், பழைய தீயணைப்புக் குழாய்தான் என் முதல் தேர்வு. துணி நெய்த அந்தத் தட்டைக் குழாயை ஒரு முழம் நீளத்துக்கு வெட்டி, கயிறு விளிம்பில் மடங்கும் இடத்தில் நுழைத்து, இரு முனையிலும் ஓட்டை போட்டு மெல்லிய நூல்கயிறால் கயிற்றோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். தைக்காவிட்டால் ஒரே இரவில் நகர்ந்துபோய் வேண்டாத இடத்தில் நிற்கும். தோல் சுற்றினாலும் நல்லது.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயை நிறையப் பேர் போடுகிறார்கள். உள்ளே சூடு தங்கும், மழைநீர் போய்க் கயிற்றைக் குளிர வைக்க வழியில்லை. கடும் காற்றில் அந்தச் சூடே கயிற்றைக் கெடுக்கும். ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை, அவ்வளவுதான்.

கம்பி வேலிக்கு மேலாகக் கயிறு போவதையும் பார்த்திருக்கிறேன். க்ளீட்டிலிருந்து வரும் கயிறு பாதுகாப்புக் கம்பிக்கு அடியில் வெளியே வந்து நேராக இறங்க வேண்டும். கம்பியின் மேலேறிப் போனால் முதல் குலுக்கலிலேயே அதைத் தாங்கும் தூண் வளையும்.

இன்னொரு தேய்மானம் யாரும் எதிர்பார்க்காதது: தொய்ந்து தண்ணீரில் கிடக்கும் கயிறு. சில வாரத்தில் அதன் மேல் பாசி, அதன் மேல் கொட்டலசு. அந்த ஓடுகள் பிளேடு. நீளம் மிஞ்சினால் டெக்கில் சுருட்டி வையுங்கள், தண்ணீரில் விட வேண்டாம்.

ஏப்ரல் 19

சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "இங்கே மெரினா என்றால் கடற்கரைதான். துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று கட்டி நிற்கின்றன. நீங்கள் சொல்வது அங்கே பொருந்துமா?"

நான் சொல்வதில் பாதி பொருந்தும். நான் பேசுவது மிதக்கும் பான்டூனை (நடைபாதையும் ஃபிங்கரும் சேர்ந்த மிதவை) வைத்து. ஓதம் (கடல்மட்டத்தின் தினசரி ஏற்ற இறக்கம்) ஏறினால் பான்டூனும் படகும் சேர்ந்து ஏறும், கயிற்றின் நீளம் மாறவே மாறாது. அசையாத கல் ஜெட்டியில் அப்படி இல்லை. சென்னையில் ஓத வித்தியாசம் ஒரு மீட்டர் சுற்றித்தான், சமாளிக்கலாம். போர்ட் கிள்ளானில் பெரிய ஓதத்தில் நான்கு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அங்கே கல் ஜெட்டியில் ஏற்றத்தின்போது இறுக்கிக் கட்டிவிட்டுப் போனால், இறக்கத்தில் படகு கயிற்றில் தொங்கும். நிலையான ஜெட்டியில் கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது, அதிலும் ஸ்பிரிங்தான் கைகொடுக்கும்.

காசிமேட்டுக்காரர்கள் தொங்கவிடும் லாரி டயர் பற்றி: வேலை செய்யும், சந்தேகமே இல்லை. ஃபைபர் படகின் வெள்ளை உடலில் கறுப்புத் தடம் விழும், போகவே போகாது. நமக்குக் காற்றடைத்த ஃபெண்டர் (படகின் பக்கத்தில் தொங்கவிடும் இடிதாங்கி) மூன்று போதும். படகு அகலமாக இருக்கும் நடுப்பகுதியில் நெருக்கமாக, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தொங்கட்டும். பான்டூன் தாழ்வாக இருப்பதால் மேலே தொங்கும் ஃபெண்டர் எதையும் காப்பதில்லை.

மே 2

கேட்டவர் லங்காவி போய்வந்து படம் அனுப்பியிருக்கிறார். ஸ்பிரிங் இரண்டும் சரியான திசையில் ஓடுகிறது. நல்லது.

க்ளீட்டைப் பார்த்தேன். கயிற்றை அதன் மேல் மலைபோலக் குவித்திருக்கிறீர்கள் தம்பி. அவ்வளவு வேண்டியதில்லை. பாரம் வரும் திசையிலிருந்து தள்ளி இருக்கும் கொம்பை முதலில் சுற்றி, அடியில் ஒரு முழுச் சுற்று. பிறகு குறுக்கே எட்டு வடிவில் ஒரு முறை. கடைசியில் கயிற்றைத் திருப்பி வளையமாக்கி மற்றக் கொம்பில் மாட்டி இறுக்க வேண்டும். அது எட்டின் கோட்டோடு இணையாக விழ வேண்டும், எதிராக விழுந்தால் திருப்பியது தவறு. முடிந்தது. பாரத்தைத் தாங்குவது அடியில் போட்ட அந்த முழுச் சுற்று. மேலே போட்டது எல்லாம் அது நழுவாமல் இருக்கத்தான்.

கடைசி வளையம் போடவே கூடாது, இறுகிவிட்டால் அவசரத்துக்கு அவிழாது என்று ஒரு பெரியவர் மறுத்திருக்கிறார். சணல், மணிலாக் கயிற்றுக் காலத்தில் அது நியாயம். நனைந்தால் அந்தக் கயிறு ஊதிக் கல்லாகிவிடும். அடியில் முழுச் சுற்று சரியாக இருந்தால் நைலானில் வளையம் இறுகாது. ஆளில்லாமல் விட்டுப்போகும் படகில் நான் வளையம் போடுவேன். ஆள் இருக்கும் படகில் பெரியவர் சொல்வது போல இன்னொரு எட்டு போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று. கண்ணை எந்தப் பக்கம் மாட்டுவது? நீண்ட நாள் விட்டுப்போகும்போது கண் பான்டூன் பக்கம், சரிசெய்யும் முனை படகில். டெக்கில் நின்றபடியே இழுக்கலாம், தளர்த்தலாம்.

படத்தில் பான்டூன் க்ளீட்டின் ஒரு போல்ட் துருப்பிடித்து வடிந்திருப்பதும் தெரிகிறது. மெரினா அலுவலகத்தில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அதுவரை அந்தக் கயிற்றை அடுத்த க்ளீட்டுக்கு மாற்றுங்கள்.

மே 3

"எஞ்சினோடு உள்ளே நுழைத்து நிறுத்துவதுதான் எனக்குப் பயம், மனைவியும் நானும் மட்டும்தான், அவர் குதித்துக் கயிற்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

குதிக்கச் சொல்லாதீர்கள். யாரையும், எப்போதும். ஈரப் பான்டூன் பாசி வழுக்கும். நாலு டன் படகுக்கும் பான்டூனுக்கும் நடுவே கால் போனால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. கையாலோ காலாலோ படகைத் தள்ளி நிறுத்துவதும் கூடாது. இடிக்கட்டும். ஃபைபரை ஒட்டலாம்.

இரண்டு பேருக்கு உள்ள வழி நடுக்கயிறு. படகின் நடுவில் ஒரு க்ளீட் இருக்கும். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையில் பெரிய கண். மெதுவாக நுழைந்து, படகின் நடு ஃபிங்கரின் வெளிமுனையைத் தாண்டியதும் உங்கள் மனைவி டெக்கில் நின்றபடியே அந்தக் கண்ணை வெளிமுனை க்ளீட்டில் மாட்ட வேண்டும். கை எட்டாவிட்டால் கொக்கிக் கம்பால். அவ்வளவுதான் அவர் வேலை. நீங்கள் கியரை முன்னால் போட்டு எஞ்சினை மிகக் குறைந்த ஓட்டத்திலேயே விடுங்கள். கயிறு இறுகும், படகு முன்னேற முடியாமல் ஃபிங்கரோடு ஒட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். சுக்கானை ஃபிங்கருக்கு எதிர்ப்பக்கம் பார்க்கத் திருப்பினால் பின்பக்கமும் உள்ளே வரும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இருவரும் நிதானமாக இறங்கி மற்றக் கயிறுகளைக் கட்டலாம்.

இது பழகக் காற்றில்லாத காலைநேரம் நல்லது.

பின்னால் போகும்போது படகு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்பதும் உங்கள் கை குற்றமில்லை. வலப்பக்கம் சுழலும் விசிறி (புரொப்பெல்லர்) உள்ள படகு ரிவர்ஸில் பின்பக்கத்தை இடப்பக்கம் இழுக்கும். உங்கள் ஃபிங்கர் இடப்பக்கம் இருந்தால் இது வரம். வந்து நிற்கும்போது ஒரு நொடி ரிவர்ஸ் கொடுத்தால் பின்பக்கம் தானே ஃபிங்கரை நெருங்கும். உங்கள் விசிறி எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கட்டியிருக்கும்போதே ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் தண்ணீர் கொப்பளிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும்.

மே 11

ஒருவர் கோபமாக: "எல்லாம் சரி, 2004இல் லங்காவியில் எந்தக் கயிறு காப்பாற்றியது?"

எதுவும் இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தெலாகா, ரெபாக் இரண்டு மெரினாக்களும் பலத்த சேதம் அடைந்தன. பான்டூனே பெயர்ந்து போகும்போது அதில் கட்டிய கயிறு என்ன செய்யும்? ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கயிறு, க்ளீட், பான்டூன், பான்டூனைப் பிடிக்கும் தூண் எல்லாம் ஒரே தொடர். உங்கள் பங்கை முடித்துவிட்டு மிச்சத்தையும் ஒரு பார்வை பாருங்கள். பான்டூன் தூணில் ஏறி இறங்கும் உருளைகள் சுழல்கின்றனவா? ஓதம் இறங்கும்போது ஒரு மூலை மட்டும் மாட்டிக்கொண்டு சாய்கிறதா? சாய்ந்தால் உடனே சொல்ல வேண்டிய விஷயம் அது.

ஜூன் 18

நேற்றுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு மெரினாவில் வேலைக்காகப் படகுகளை இடம்மாற்றியவர்கள், திரும்பக் கட்டும்போது என் நண்பரின் படகைக் குறுக்குக் கயிறுகளால் ஃபிங்கரோடு இறுக்கிவிட்டார்கள். ஸ்பிரிங்கைச் சுருட்டி டெக்கில் அழகாக வைத்திருக்கிறார்கள். ஒரு ஃபெண்டர் வெடித்து, உடலில் ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ட் போய்விட்டது. அவர்களைச் சொல்லிப் பயனில்லை, இறுக்கிக் கட்டினால்தான் அக்கறை என்று அவர்களும் நினைக்கிறார்கள்.

இதற்கு நண்பர் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கயிறும் க்ளீட்டில் வரும் இடத்தில் வண்ண நூலால் இறுகச் சுற்றி அடையாளம் வைத்துவிட்டார். முன்கயிறு சிவப்பு, ஸ்பிரிங் பச்சை, பின்கயிறு மஞ்சள். எந்தக் கயிறு எங்கே என்று ஒரு படம் வரைந்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கேபின் கதவில் ஒட்டியிருக்கிறார். யார் அவிழ்த்தாலும் அதே நீளத்துக்குத் திரும்பக் கட்டலாம்.

ஜூலை 4

கேட்டவர் அடுத்த இரண்டு மாதம் லங்காவி போக முடியாதாம். அப்படியானால் கயிறு தவிர இன்னும் சில.

முன்பாயைக் கழற்றிக் கேபினில் வையுங்கள். சுருட்டி விட்டால் போதும் என்று நினைப்பார்கள். சுமத்ராவில் மேல்பகுதி கொஞ்சம் பிரிந்தால் மீதியையும் காற்றே பிரித்துக்கொள்ளும். கட்டியிருக்கும் இடத்திலேயே படகு பாய் விரித்து ஓடப் பார்க்கும், அதற்கு எந்தக் கயிற்றுக் கணக்கும் பொருந்தாது. கழற்ற முடியாவிட்டால் பாய்க்கயிறுகளை அதன் மேல் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, இடுப்புயரத்தில் தனிக்கயிறால் கட்டுங்கள். நிழல் கூடாரத்தையும் இறக்குங்கள், காற்றுப் படும் பரப்பு அதுவும்தான்.

கரையிலிருந்து வரும் மின் கேபிள் எல்லாக் கயிறுகளையும் விடத் தளர்வாக இருக்கட்டும், தண்ணீரில் மட்டும் விழக் கூடாது. படகு விலகும்போது கடைசியாக இழுபடுவது கேபிளாக இருக்கக் கூடாது.

முன்கயிறுக்கும் ஸ்பிரிங்குக்கும் இரட்டை போடுங்கள். இரண்டாவதைக் கொஞ்சம் தளர்வாக, முடிந்தால் வேறு க்ளீட்டில், விளிம்பில் வேறு இடத்தில் மடங்குவது போல. இரண்டும் ஒரே இடத்தில் மடங்கினால் இரண்டும் ஒரே நாளில் தேயும்.

ஜூலை 5

ஆள் வைத்துப் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம். பக்கத்துப் படகுக்காரர்தான் சரியான ஆள், உங்கள் படகு ஓடினால் முதலில் இடிபடுவது அவர் படகு. அவரிடம் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், முன்கயிறு விளிம்பில் மடங்கும் இடத்தை வாரம் ஒரு முறை கிட்டப்போய் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு படத்தில் உறை நகர்ந்ததா, நார் பிசிறுகிறதா என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். டெக்கில் 12 மில்லிமீட்டர் உபரிக் கயிறு ஒன்றையும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் விட்டுவாருங்கள், எடுத்துக் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியும் வாருங்கள்.